முதுகு வளையத்தை வெட்டிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. வில் செய்ய நீ எடுத்துவைத்திருக்கிற கட்டையின் படம் வந்தது. அதற்குப் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் நீல டிக் மட்டும்தான் விழுகிறது. போனில் பேசத் தொடங்கினால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

ஓக்லஹோமாவில் கிடைக்கிற அந்த ஓசேஜ் ஆரஞ்சு, பலா வகையறா மரம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. வெட்டுமுகத்தைப் பார்த்ததும் நம்பினேன். உள்ளே அதே மஞ்சள் வைரம், பலாவின் நடுக்கட்டை மாதிரியே. பச்சையில் பால் வடியும் என்றாய், அதுவும் பலாவின் குணம்தான். நம் வாசல் நிலை புதிதில் எப்படி மஞ்சளாக இருந்தது, இப்போது எப்படிக் கறுத்துவிட்டது! உன் கட்டையும் வெளிச்சம் படப்படப் பழுப்பாகும், பயப்படாதே. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் காக்கித் துணிக்கு இந்த மரத்துச் சாயத்தைப் போட்டார்கள் என்று நீ சொன்னதை மர டிப்போக்காரரிடம் சொன்னேன். ‘உங்க பையன் கம்ப்யூட்டர் படிச்சவராச்சே, மரம் இவ்வளவு தெரியுதே’ என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நம் தச்சுப் பட்டறையில் இருந்த காலத்தில் ஒருநாள் இழைப்புளியைத் தொட்டவனில்லை நீ. கடல் கடந்து போய்த்தான் கை அரித்ததா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டையையும் அதன் கீழே இருக்கிற வெள்ளையையும் முழுசாக எடுத்துவிடு. வெள்ளையை விட்டால் வண்டு துளைக்கும், அது எந்த ஊர் மரமானாலும். இங்கிலாந்தில் யூ என்கிற மரத்து வில்லுக்கு மட்டும் முதுகில், அதாவது எய்கிறவனைப் பார்க்காத வெளிப்பக்கத்தில், வெள்ளையை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள் என்று நீ சொன்னாய். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட வில்லும் அப்படி யூ மரத்தில் செய்தவை என்றாய். வாழ்நாள் முழுக்க வெள்ளையைக் கழித்து எறிந்தவன் நான், அதனால் அன்றைக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. கதவு நிற்கிற இடத்தில் நிற்கும். வில் வளைந்தாக வேண்டும். முதுகு நீள வேண்டும், எய்கிறவனைப் பார்க்கிற வயிறு நசுங்காமல் தாங்க வேண்டும். யூவில் வெள்ளை நன்றாக நீளும், வைரம் நன்றாகத் தாங்கும். உன் மரத்தில் இரண்டு வேலையையும் வைரமே செய்துவிடும். ஆகவே உனக்கு வெள்ளை வேண்டாம்.

வெள்ளை போன பிறகுதான் உண்மையான வேலை. வெட்டுமுகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டுப் பார். தேக்கில் தெரிகிற மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்திலும் ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய படலம், அதை அடுத்து வெளிப்பக்கமாகக் கெட்டியான பாகம். வெளிவட்டத்தில் வளையங்கள் நெருக்கமாக இருந்தால் அவற்றை நம்பாதே. கெட்டிப் பாகம் தடிமனாக இருக்கிற வளையம் வரும்வரை உள்ளே இறங்கு. கொஞ்சம் மரம் வீணாகும், ஆகட்டும். எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்த பிறகு அந்த ஒரே வளையம்தான் முதுகு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. எந்த இடத்திலும் அதை அறுத்துக்கொண்டு அடுத்ததற்கு இறங்கக் கூடாது. அறுபட்ட இடத்தில்தான் சிம்பு கிளம்பும், நாண் இழுக்கும்போது அங்கேதான் முறியும்.

இழுப்புக் கத்தியால் சீவும்போது அதன் சத்தத்தைக் கவனித்துக் கேள். கெட்டிப் பாகத்தில் போகும்போது வழவழவென்று சுருள் வரும். ஓட்டைப் படலத்தைத் தொட்டதும் நறநறவென்று பொடியாக உதிரும். அந்தச் சத்தம் கேட்டால் உனக்கு வேண்டிய வளையம் அடியில் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். உடனே இழுப்புக் கத்தியைக் கீழே வை. மிச்சப் படலத்தைத் தகடு வைத்துச் சுரண்டி எடு. விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் படலம் மங்கலாகவும் வளையம் பளபளப்பாகவும் பிரிந்து தெரியும்.

உன் படத்தில் இடது முனையிலிருந்து ஒரு முழத்துக்கு உள்ளே ஒரு கணு இருக்கிறது. அங்கே வளையம் மேடாக ஏறி இறங்கும். அதைச் சமப்படுத்தப் பார்க்காதே. மேடு மேடாகவே இருக்கட்டும், இரண்டு பக்கமிருந்தும் சின்னச் சின்னதாகச் சீவி அதைச் சுற்றி வா. வயிற்றுப் பக்கம் எத்தனை வளையத்தை வேண்டுமானாலும் வெட்டிக்கொள், முதுகில் மட்டும் கூடாது. வளையத்தை அறுக்காதே என்று முன்பே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

அந்தப் படத்தில் கட்டைக்குப் பின்னால் கராஜ் சுவரோரம் சுருட்டிய பாய் தெரிந்தது, தலையணையும் இருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு தட்டு. அம்மா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ராத்திரி வெகுநேரம் வேலை செய்கிறாய், அசதியில் அங்கேயே படுத்துவிடுகிறாய் என்று நான்தான் சொல்லிவைத்தேன். கராஜ் தரை சிமெண்டு, குளிர் இறங்கும். உனக்குச் சின்ன வயசிலிருந்தே சளித் தொந்தரவு.

பட்டையும் வெள்ளையும் எடுத்த அன்றைக்கே இரண்டு முனையிலும் முதுகிலும் பசையோ வார்னிஷோ தடவிவிடு. வெறுமனே விட்டால் ஏசிக் காற்றிலும் உங்கள் ஊர் வெயிலிலும் வெடிப்பு ஓடிவிடும். அவசரமாகக் காயவைக்காதே. வேலை நடக்காத நாளில் நிழலில் படுக்கவைத்து மூடி வை.

மருமகள் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவிடம் பேசும். பொங்கலுக்குப் பிறகு ஒரு தடவைகூடப் பேசவில்லை. வேலை அதிகம் என்று நீ சொன்னாய், அப்படியே இருக்கட்டும். சம்பந்தி வீட்டில் நாங்கள் எதுவும் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டோம். மூன்றாம் மனிதர் வாயால் எங்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

வளையம் தெரிகிற மாதிரி அடுத்த படம் எடுத்து அனுப்பு, கணுவைக் கிட்டத்தில் எடு. இந்த ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடு. மரத்தைப் பற்றி வேண்டாம். என்ன நடந்தது என்று சொல். நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா