கார் ஷெட்டுல குடித்தனம்

ஆசிரியருக்கு வணக்கம்,

வீட்டுக்குப் பின்னாடி இருக்குற கார் ஷெட்டையோ ஸ்டோர் ரூமையோ டைல்ஸ் ஒட்டி, ஒரு பாத்ரூம் கட்டி வாடகைக்கு விடுறது ஜாஸ்தியாயிடுச்சு, கேட்டா "என் இடம், நான் விடுறேன்"ங்கறாங்க. வண்டி நிறுத்த வாங்கின அனுமதி பொதுவா ஆள் குடியிருக்க செல்லாது, அதுக்குத் தனியா அப்ரூவல் வாங்கணும். இது வெறும் பேப்பர் சமாச்சாரம் இல்லீங்க. பல ஷெட்டுக்கு ஜன்னலே கிடையாது, வெளிய போக ஒரே கதவு, ஒரு பல்புக்குன்னு இழுத்த வயர்ல ஏசி, ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்புன்னு எல்லாத்தையும் மாட்டுறாங்க, வயர் சூடாகி தீப்பிடிச்சா உள்ள இருக்கறவங்க எந்தப் பக்கம் ஓடுவாங்க? காத்தோட்டம் இல்லாத இடத்துல கேஸ் கீசர் வெச்சா கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு சேரலாம், அதுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியும் அனுமதியில்லாத கட்டிடம்னு கிளெய்மைத் தள்ளிடலாம்.

நோட்டீஸ் வந்தா ஓனருக்கு அபராதத்தோட போயிடும் (அதையும் அடுத்து வர்றவர் வாடகைல ஏத்திடுவாங்க), குடியிருந்தவர்தான் மூட்டை முடிச்சோட ரோட்டுல நிக்கணும், அட்வான்ஸ் திரும்பி வந்தா அதிர்ஷ்டம். அதனால சீல் வைக்கறதுக்கு முன்னாடி அவங்க வேற வீடு பாக்க டைம் குடுங்க, அட்வான்ஸை ஓனர்கிட்ட இருந்து வாங்கிக் குடுக்கற பொறுப்பையும் அதிகாரிங்களே எடுத்துக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்