கையெழுத்துக்கு ஆச்சி, கை தூக்க வேறு ஆள்: ஊருணிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணன் அவர்களுக்கும், செயலாளர் தம்பிக்கும், குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதக் கூட்டத்தில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் அது வேறு மாதிரி பதிவாகியிருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

குழுவில் 11 பேர், கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், 6. அன்று வந்திருந்தவர்கள் 5 பேர். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னிடம் வருகைப் பதிவேடு வந்தது. "ஆச்சி, ஓர் ஆள் குறைகிறது, ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்." பினாங்கில் இருக்கும் என் கொழுந்தனாருக்கு மாற்று உறுப்பினர் என்ற முறையில் போட்டேன். கூட்டம் கூடியது. திருவிழாவுக்கு வரும் கார்களை நிறுத்த, ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலின் மேல் சிமெண்டுத் தளம் போடுவதா என்ற பொருள் வந்தபோது, வேண்டாம் என்று கை தூக்கினேன். "ஆச்சி, நீங்கள் மாற்றுதானே, கையை இறக்குங்கள்" என்றார்கள். 32 ஆண்டுகள் வகுப்பில் பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லிப் பழகியவள் நான். அத்தனை பேர் முன்னால் கையை இறக்கினேன். பிறகு காபி வந்தது. அது மட்டும் எல்லாருக்கும் சமமாக வந்தது.

3 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு, தீர்மானம் நிறைவேறியது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வணிகவியல் ஆசிரியை. கணக்கு இடித்தால் எனக்குத் தூக்கம் வராது. வந்தவர்கள் 5 பேர் என்றால் அன்று கூட்டமே கூடவில்லை. 6 பேர் என்றால் மூன்றுக்கு மூன்று. சமமானால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பதுதான் நம் வழக்கம். எப்படிக் கூட்டினாலும் அந்தத் தீர்மானம் நிற்காது.

நம் விதியில், உறுப்பினர் வெளியூரில் இருந்தால் அவர் எழுத்து மூலம் நியமித்த மாற்று உறுப்பினர் "கலந்துகொள்ளலாம்" என்று இருக்கிறது. கலந்துகொள்வது என்றால் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவது என்று நீங்கள் பொருள் கொள்கிறீர்கள். அந்த வேலைக்கு ஒரு நாற்காலியே போதுமே, நான் எதற்கு?

கொழுந்தனார் ஊரில் இருக்கும்போது எனக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்கவில்லை. ஓர் இடத்துக்கு இரண்டு ஓட்டு கூடாது. அவர் வந்தால் நான் வாய் திறக்க மாட்டேன், வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். அவர் இல்லாதபோது அந்த இடத்தில் உட்காருபவருக்கு அந்த இடத்தின் பேச்சும் ஓட்டும் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இது நான் கண்டுபிடித்த புதுமை அல்ல. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 161ஆம் பிரிவிலேயே மாற்று இயக்குநர் என்று ஒருவர் உண்டு. இயக்குநர் 3 மாதத்துக்குக் குறையாமல் இந்தியாவில் இல்லாவிட்டால் அவருக்குப் பதிலாக இவரை நியமிக்கலாம். அவர் திரும்பி வந்ததும் இவர் பதவி போய்விடும். அந்தச் சட்டம் நம் குழுவைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் கடல் கடந்து போனவர்களின் ஊரான நமக்கு இதைச் சட்டப் புத்தகமா சொல்லித்தர வேண்டும்? பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய காலத்தில் மேலாளுக்குக் கீழே அடுத்தாள் என்று ஒருவர் இருந்தாரே. மேலாள் இல்லாத நேரத்தில் கொடுக்கல் வாங்கலைப் பார்த்தவரிடம் "நீ அடுத்தாள்தானே, பேசாமல் இரு" என்று சொல்லியிருந்தால் கடை என்னவாகியிருக்கும்?

கூட்டத் தாளும் எனக்கு வருவதில்லை. வாட்ஸ்அப்பில் பினாங்குக்குப் போகிறது. அங்கிருந்து அவர் எனக்கு அனுப்புகிறார், நினைவு வந்தால். சென்ற கூட்டம் நடக்கப்போவது பூக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. வளவில் தண்ணீர் தெளிக்க ஆளில்லை. ஊரில் இல்லாதவர்கள் குழுவுக்கு உறுப்பினர், ஊரில் இருப்பவர்கள் பூட்டுக்குக் காவல். பேசாமல் குழுவையும் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிடலாம். அவராவது மழை பெய்தால் வெளியே வந்து பார்ப்பார். மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

நம் சீமையில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை வரத்துக்கால் கொண்டுவந்து சேர்த்தால்தான் ஊருணியில் தண்ணீர். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் படித்துறையில் குடம் எடுத்தவள் என்பதால், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்பது எனக்குத் தெரியும். அன்று அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

ஆகவே அந்தத் தீர்மானத்தை நிறுத்திவைத்து, ஐப்பசி பிறப்பதற்குள் கூட்டத்தை மறுபடி கூட்டுங்கள். உறுப்பினர் இல்லாதபோது மாற்று உறுப்பினருக்குப் பேச்சும் ஓட்டும் உண்டு என்று விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்கு மனமில்லை என்றால் என் கையெழுத்தை அடித்துவிடுங்கள்; அன்று கூட்டம் கூடவில்லை என்று எழுதிவிடுங்கள்.

அடுத்த கூட்டத்தின் தாளில் ஒன்று எனக்கும் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். செயலாளர் தம்பி வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
கீழத்தெரு மாற்று உறுப்பினர்