சாக்பீஸ் எண்ணப் போன பிள்ளைகள்

அன்புள்ள பெரிய டீச்சருக்கு,

வணக்கம். போன ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் நம் சந்து முனை டீக்கடை அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "இனிமேல் பன் வேண்டாமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உடனே வாய் வரவில்லை. நீங்கள் தொடங்கிய கணக்கு அது. நீங்கள் ஓய்வு பெற்று நாசரேத்துக்குப் போன பிறகு நான் நடத்தி வந்தேன். "கொஞ்ச நாள் பார்க்கலாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்த்தேன். வேண்டியிருக்கவில்லை.

இதைப் போனில் சொன்னால் "சரிம்மா, சந்தோஷம்" என்று முடித்துவிட்டு என் பிள்ளைகளின் சளி இருமலை விசாரிக்கத் தொடங்கிவிடுவீர்கள். நீங்கள் செய்ததை உங்களிடமே பேசுவதற்கு நீங்கள் ஒரு நாளும் இடம் கொடுத்ததில்லை. அதனால் எழுதுகிறேன். எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பள்ளிச் செய்திகள்.

அரசின் காலை உணவுத் திட்டம், திருச்சபை நடத்துகிற, அரசு உதவி பெறும் நம் பள்ளிக்கும் வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், 2024 ஜூலையில் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் போன திட்டம், நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டு 26ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில் முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்தார்.

நடுவில் போன அந்த இரண்டு ஆண்டுகளை என்னால் லேசில் மறக்க முடியாது. எதிரெதிர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் மாநகராட்சிப் பள்ளியில் சூடாகப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்கார்ந்தான். மற்றவன் நம் பள்ளி வாசலில் வெறும் வயிற்றோடு நின்றான். இரண்டு வீட்டிலும் அதே வருமானம், அதே கூரை. பள்ளியின் பெயர்ப் பலகை மட்டும்தான் வேறு. டி.சி. வாங்க வந்த ஒரு தாய் என் முகத்தைப் பார்க்காமல், "உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை டீச்சர், அங்கே காலையிலும் போடுகிறார்கள்" என்றார். விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டு ஏலத்துக்குக் கூடை எடுக்கிற பெண். அந்த நேரத்தில் அடுப்பு மூட்டிவிட்டு வா என்று அவரிடம் யார் சொல்ல முடியும்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த ஆண்டு அப்படி ஏழு கையெழுத்து.

முதல் நாள் வண்டியில் பாத்திரம் வந்து இறங்கியபோது பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தட்டைத் தொடாமல் இருந்தாள். ஏனம்மா என்றேன். "சாக்பீஸ் எண்ணிவிட்டுச் சாப்பிடட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

டீச்சர், அங்கேயே அழுதுவிட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குப் புரியாது என்பதால் சொல்கிறேன். பெரிய டீச்சர் எந்தப் பிள்ளையிடமும் "சாப்பிட்டாயா?" என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லும். "இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன குழம்பு?" என்று கேட்டுக்கொண்டே வரிசையில் நடப்பார். பதில் சொல்லத் தயங்கும் பிள்ளையின் தோளைத் தொட்டு, "சாக்பீஸ் எண்ண ஆள் வேண்டும், வா" என்பார். பீரோ அறைக்குள் ஒரு பன், ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். சாப்பிட்டு முடித்த பிறகு உண்மையிலேயே சாக்பீஸ் எண்ணச் சொல்வார். எண்ணிக்கை தப்பினால் திரும்ப எண்ணச் சொல்வார். வேலை செய்துவிட்டு வந்த நிமிர்வோடுதான் பிள்ளை வகுப்புக்குத் திரும்பும். யாரும் யாரையும் கேலி செய்ததில்லை. எங்களில் பாதிப் பேருக்கு நூறு வரை எண்ணத் தெரிந்தது அந்த அறையில்தான்.

எங்களில் என்றுதான் எழுதுகிறேன். நானும் எண்ணியிருக்கிறேன். முதல் வகுப்பில் சேர்ந்த வருடம் முழுவதும் எண்ணினேன். அம்மா கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்ற காலம். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருடம் அது.

இனி எண்ணிக்கைச் செய்தி. உங்களுக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டியிருக்கும். ஆகஸ்டு 1 நிலவரப்படி நம்மிடம் 58 பிள்ளைகள் இருந்தார்கள். கணக்கு உங்களுக்கே தெரியும்: 60 வரைக்கும் இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. மூன்று பிள்ளைகள் குறைந்ததால் ஓர் ஆசிரியர் இடம் போய்விட்டது. இருபத்தைந்து நாள் கழித்துக் காலை உணவு வந்தது. டி.சி. வாங்கிப் போனவர்களில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள், புதிதாகவும் நான்கு பேர் சேர்ந்தார்கள். இன்று 66. ஆனால் ஆகஸ்டில் எடுத்த கணக்கு எடுத்ததுதான். நானும் இன்னொரு டீச்சரும் ஐந்து வகுப்பையும் பார்க்கிறோம்.

எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்பீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்த வழிதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆண்ட்ரூ பெல் கதையை நீங்கள் எங்களுக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொண்ட பாதிரியார், நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்து, 1797இல் இங்கிலாந்தில் புத்தகமாகவும் வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது சீமை முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தில் மதராஸ் கல்லூரி என்ற பெயரிலேயே ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது. சட்டாம்பிள்ளை என்ற நம் வீட்டுச் சொல்லுக்கு இவ்வளவு தூரம் போன கதை இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது ஆசிரியராக நின்று பார்க்கும்போது அந்தப் பெருமையோடு ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. ஆசிரியர் போதாத பள்ளியின் வழி அது. சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்கு நன்றாகப் படிகிறது, உண்மை. ஆனால் மூன்றாம் வகுப்பில் 'ழ' சொல்ல வராத ஒருவன் இருக்கிறான். அவன் பக்கத்தில் நான் உட்கார வேண்டும். பத்து வயதுப் பிள்ளையால் அது முடியாது. எனக்கு நேரம் இல்லை. தினமும் சாயங்காலம் அவன் முகம்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றி விசாரித்திருந்தீர்கள். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று சொல்லிவிட்டது. சிறுபான்மைப் பள்ளிகளின் விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. எப்படி முடிந்தாலும் படித்து வைத்துவிடுவோம் என்று இரவில் புத்தகத்தை எடுத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் விழாவைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். நன்றாக நடந்தது. மேடைத் துணி அதே நீலத் துணி. மரியாளாக நடித்தவள் சந்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் பாத்திமா அக்காவின் மகள். அவள் அம்மாவே முக்காட்டைக் கட்டிவிட்டார். நாம் கட்டினால் ஐந்து நிமிடத்தில் அவிழ்ந்துவிடும், அது நிகழ்ச்சி முடியும்வரை அசையவில்லை. ஒத்திகையில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் மேய்ப்பன் வேடம் வேண்டாம் என்று நின்றுவிட்டான். "ஆடு மேய்க்கிறவர் வந்தார், ராஜா வந்தார். மீன் பிடிக்கிறவர் ஏன் டீச்சர் வரவில்லை?" என்று கேட்டான். அவன் தாத்தா, அப்பா, சித்தப்பா எல்லோரும் விசைப்படகில் போகிறவர்கள். நான் அவனை உட்கார வைத்து, இயேசு பெரியவரானதும் முதலில் தேடிப் போனது மீன்பிடிக்கிறவர்களைத்தான் என்றேன். அவர்களில் பேதுரு என்றொருவர் இருந்தார், அவருக்குத் தமிழில் ராயப்பர் என்று பெயர், நீ குடியிருக்கிற ராயபுரமே அந்த மீனவர் பெயரில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மறுநாள் மேய்ப்பன் வேடத்துக்குக் கோலுக்குப் பதில் வீட்டிலிருந்து ஒரு துண்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அப்படியே மேடையேற்றினேன். சரிதானே டீச்சர்?

இனி நான் இந்தக் கடிதம் எழுதத் தொடங்கியதன் காரணத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரி மாதம் சபையின் நிர்வாகக் குழு நம் பள்ளியைப் பற்றி முடிவெடுக்கக் கூடுகிறது. வரும் கல்வியாண்டில் முதல் வகுப்புச் சேர்க்கையை நிறுத்திவிட்டு, படிப்படியாக இதை மூடி, அதே இடத்தில் கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளி தொடங்கலாம் என்பது யோசனை. சொல்லப்படும் காரணங்கள் மூன்று. கட்டடம் பழுது; அது உண்மை, டிசம்பர் மழையில் மூன்றாம் வகுப்பு ஓட்டிலிருந்து ஒழுகியது. பிள்ளைகள் குறைவு. படிப்பவர்களில் சபைப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள்.

குழுவில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கூரை ஓடு மாற்றப் பணம் எங்கிருந்து வரும் என்று தவிக்கிறவர்கள். ஆனால் மூன்றாவது காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மாதா கோயில் தெருப் பிள்ளை, ஒரு மசூதித் தெருப் பிள்ளை, ஒரு அம்மன் கோயில் தெருப் பிள்ளை என்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, காலை ஜெபத்தில் அவரவர் வழக்கப்படி கை கூப்பி நிற்கிற இடம் இது. வேதபாட நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு எடுத்தவர் நீங்கள். யாரையும் நீங்கள் எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. முப்பது வருடம் பன் வாங்கியபோது யார் எந்தச் சபை என்று நீங்கள் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டுக் கணக்கையும் போட்டு வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் 14 பேர் ஏப்ரலில் போய்விடுவார்கள். 52 மிஞ்சும். ஆகஸ்டு 1க்குள் ஒன்பது பேர் சேர்ந்தால் 61, மூன்றாவது ஆசிரியர் இடம் திரும்பும். முதல் வகுப்புக்கு ஏழு தாய்மார்கள் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளி திறக்கிற ஜூனில்தான் நம் வீடுகளில் கையில் காசே இருக்காது. அந்த மாதத்தில் கட்டணப் பள்ளியின் வாசலை இவர்கள் எப்படி மிதிப்பார்கள்?

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்ல எனக்கு நாற்காலி இல்லை. நான் சபை அங்கத்தினர் அல்ல. எங்கள் வீட்டில் அம்மா இன்றும் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர். அது தெரிந்தேதான் நீங்கள் என்னை இங்கே வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னீர்கள், அன்றைய குழுவும் என்னை எடுத்துக்கொண்டது. நீங்கள் அங்கத்தினர். உங்கள் பெயர் இன்னும் சபைப் பதிவேட்டில் இருக்கிறது, நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் எழுந்து நின்றால் குழுவில் பாதிப் பேர் தாங்களும் எழுந்துவிடுவார்கள். அவர்களில் நான்கு பேருக்கு 'அ' எழுதக் கையைப் பிடித்தவர் நீங்கள்.

இன்னொன்றும் வேண்டும். பன் கணக்கு எழுதிய நோட்டுகள். பச்சை அட்டை போட்டவை. எந்தத் தேதியில் எந்தப் பிள்ளை சாக்பீஸ் எண்ணியது என்று பெயரோடு எழுதி வைத்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற அன்று அவற்றைப் புடவைக்கு அடியில் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன். யாருக்கும் காட்ட மாட்டீர்கள் என்று தெரியும். பிள்ளைகளின் மானம் அதில் இருக்கிறது என்பீர்கள். பெயர்களைப் படிக்க வேண்டாம். மேஜை மேல் வைத்தால் போதும். ஒரே ஒரு பெயரைப் படிக்கலாம், என் பெயரை. அதற்கு நான் சம்மதம் தருகிறேன். பொதுவில் எழுதியதற்கு அதுதான் காரணம். நம்மிடம் படித்த வேறு யாராவது இதைப் பார்த்து, "என் பெயரையும் படியுங்கள்" என்று சொல்ல நினைத்தால், எனக்கு எழுதட்டும். கூட்டத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது.

முழங்கால் வலியோடு உட்கார்ந்து வர வேண்டாம். செந்தூர் எக்ஸ்பிரஸ் நாசரேத்திலேயே நிற்கிறது, கீழ்ப் படுக்கைக்குச் சொல்லி டிக்கெட் போட்டு அனுப்புகிறேன். எழும்பூரில் நானே வந்து நிற்பேன். எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். அம்மா இப்போதே வஞ்சிரத்துக்குச் சொல்லி வைத்துவிட்டார். கருப்பட்டி எதுவும் தூக்கி வராதீர்கள், பை கனக்கும். நோட்டுகளை மட்டும் கைப்பையில் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி