அப்பாவின் புத்தகமும் மூன்று விண்டோஸும்

அன்பு நண்பா,

நலம்தானே? தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? எனக்கு இடது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது திரையில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தனித்தனியாகத் தெரிகின்றன, போதும்.

உன் அப்பாவின் புத்தகத்தை மறுபதிப்புக்காகப் பழைய கோப்பிலிருந்து மீட்டுத் தரச் சொன்னாயே, அந்தக் காரியம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. புத்தகம் கிடைத்துவிட்டது. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரிடா, அனுப்பிவிடு" என்று வெட்டிவிடுவாய். நான் பட்ட பாட்டை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அதனால்தான் கடிதம்.

கடையை மூடும்போது பக்கம் கோக்கும் நம் டிடிபி மெஷினை அப்படியே, கணினிக்குள் கணினியாக ஓடும் ஒரு விர்ச்சுவல்பாக்ஸ் கோப்பாக மாற்றி வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? "செத்த மெஷினுக்கு எதுக்குடா பாடை கட்டுறே" என்று சிரித்தாய். அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் கோக்கும் பேஜ்மேக்கர் 7, டாம் என்ற பழைய தமிழ்க் குறியீட்டு எழுத்துருக்கள், நம் தமிழ்99 விசைப்பலகை மென்பொருள் எல்லாம் பத்திரமாக இருந்தன. லேப்டாப்பில் ஏற்றினேன், எழுந்து உட்கார்ந்தது. புத்தகக் கோப்பும் திறந்தது. 2003-ல் நாம் கோத்த அதே பக்கங்கள், அதே ஓரக்கோடு.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மறுபதிப்புக்கு, இன்றைய கணினிகள் எல்லாம் படிக்கும் யூனிகோட் குறியீடு வேண்டும். எக்ஸ்பியில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிய வட்டார அமைப்புகளில் ஒரு டிக் போட்டு, நிறுவல் குறுந்தகட்டையும் கொடுக்க வேண்டும். அந்தக் குறுந்தகட்டை எங்கே தேடுவது? எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா முதல் அந்த வசதி தானாகவே உள்ளே இருக்கிறது. தவிர, எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்த கதை. சரி, மேலே ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு நேராகத் தாவ முடியாது. புதிதாக நிறுவலாம், ஆனால் நிரல்களை எல்லாம் மறுபடி போட வேண்டும். பேஜ்மேக்கர் தகடும் நம்மிடம் இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் நடுவில் விஸ்டா என்ற படியில் கால் வைத்தே ஆக வேண்டும். கடைக்கு வாங்கி, 512 எம்பி ராம் தாங்காமல் அலமாரியில் போட்டோமே, அந்த விஸ்டா பிசினஸ் டிவிடி கைகொடுத்தது. அதில் சர்வீஸ் பேக் 1 என்ற திருத்தத் தொகுப்பு சேர்ந்தே இருந்தது நம் அதிர்ஷ்டம். அது இல்லாத விஸ்டாவிலிருந்து ஏழுக்கு ஏற முடியாது.

விஸ்டா 15 ஜிபி காலி இடம் கேட்கும். நம் வட்டு மொத்தமே 10 ஜிபி. நான் புத்திசாலித்தனமாக முதலில், மெஷினின் அப்போதைய நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்நாப்ஷாட் எடுத்தேன், பிறகு வட்டை 40 ஜிபி ஆக்கினேன். உள்ளே போய்ப் பார்த்தால் அதே 10. ஸ்நாப்ஷாட் எடுத்த பிறகு எழுதப்படுவது எல்லாம் வேறொரு துணைக் கோப்பில் போகிறது. நான் நீட்டியது அடியில் கிடக்கும் மூலக் கோப்பை மட்டும். முழு மெஷினையும் நகலெடுத்து ஒரே கோப்பாக்கி, அதை நீட்டிய பிறகுதான் சரியானது. அப்போதும் சி டிரைவ் 10-லேயே நின்றது. எக்ஸ்பியின் வட்டு மேலாண்மைக்கு சி டிரைவை நீட்டத் தெரியாது. வட்டின் பகுதிகளை நீட்டிச் சுருக்கும் ஜிபார்ட்டட் என்ற நிரலின் ஐஎஸ்ஓவில் பூட் செய்து இழுத்துவிட்டேன். இதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

டிவிடியிலிருந்து பூட் செய்தால் "அப்கிரேடு" என்ற வழி மங்கிக் கிடக்கிறது, அமுக்க முடியவில்லை. அரைமணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் புரிந்தது, எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து தகட்டை இயக்க வேண்டும். அப்புறம் அதுவே ஓடியது, நான் சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்துவிட்டேன்.

விஸ்டா வந்ததும் இணையம் போச்சு. எக்ஸ்பிக்காகப் போட்டிருந்தது பழைய ஏஎம்டி பிசிநெட் என்ற நெட்வொர்க் கார்டு. அதற்கான டிரைவர் விஸ்டாவோடு வருவதில்லை. மெஷினை அணைத்து, அமைப்பில் இன்டெல் ப்ரோ 1000 எம்டி டெஸ்க்டாப் என்று மாற்றினேன், உடனே பிடித்துக்கொண்டது. அந்தக் காலமாக இருந்தால் ராத்திரி பஸ் பிடித்து மறுநாள் சென்னையில், கணினிப் பொருள் விற்கும் ரிச்சி தெருவில் நின்றிருப்போம். இல்லாத மெஷினுக்கு இல்லாத கார்டு வாங்க எனக்கு நாலு கிளிக்தான் ஆனது.

அங்கிருந்து விண்டோஸ் 7 புரொஃபஷனல் சத்தமில்லாமல் ஏறியது. விண்டோஸ் 10-க்குப் போகவில்லை, நமக்கு எதற்கு? ஏழின் ஆதரவும் 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால், வேலை முடிந்ததும் அதன் நெட்வொர்க் கேபிளை அமைப்பில் கழற்றிவிட்டேன்.

இனிதான் வேடிக்கை. பேஜ்மேக்கர் சாதாரணமாகத் திறந்தால் முகம் காட்டி மறைந்தது, நிர்வாகியாக இயக்கினால் நின்றது. ஆனால் அதில் தட்டினால் தமிழ் வரவில்லை, நோட்பேடில் மட்டும் வந்தது. பேய் பிடித்த மாதிரி இருந்தது. காரணம் இதுதான்: விஸ்டா முதல், குறைந்த அதிகாரத்தில் ஓடும் நிரல் அதிக அதிகாரத்தில் ஓடும் நிரலின் விசைகளில் கை வைக்க முடியாது. பேஜ்மேக்கர் முதலாளி, நம் விசைப்பலகை மென்பொருள் கூலி. இரண்டையும் நிர்வாகியாக்கியதும் ராசியாகிவிட்டார்கள்.

உரையை எடுத்து யூனிகோடுக்கு மாற்றினேன். டாமில் கொம்பு முதலில், எழுத்து பிறகு, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கிடக்கும். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. மாற்றும் மென்பொருள் அதைப் பெரும்பாலும் சரியாகவே செய்தது. நாம் வரியை ஒப்பேற்ற நடுச்சொல்லில் என்டர் தட்டிய இடங்களில்தான் கொம்பு அநாதையாக நிற்கிறது. அது யார் வேலை என்று உனக்கே தெரியும், நான் அல்ல. எல்லாவற்றையும் கையால் சரிசெய்துவிட்டேன். உன் அப்பாவின் நடையில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ரயில்வே கூட்செட்டில் அவர் படுத்துறங்கிய ராத்திரி அத்தியாயத்தை மட்டும் வேலையை நிறுத்திவிட்டு முழுக்கப் படித்தேன்.

ஒன்றுதான் பாக்கி. டாமில் ஆங்கிலத்துக்கு இடமே கிடையாது, அதற்கு வேறு எழுத்துரு போட்டிருந்தோம். மாற்றும் மென்பொருள் வெறும் உரையைத்தான் வாங்கும், எழுத்துரு எதுவென்று அதற்குத் தெரியாது. அதனால் அப்பா ஆங்கிலத்தில் எழுதிய ரயில்வேச் சொற்கள் எல்லாம் கொத்துப் பரோட்டா ஆகிவிட்டன. பேஜ்மேக்கரில் பார்த்துப் பாதியைத் திருத்திவிட்டேன். 87-ம் பக்கத்துப் பட்டியலை மட்டும் படமாக ஒட்டியிருக்கிறோம், அந்தப் படக்கோப்பைக் காணவில்லை. உன்னிடம் அச்சுப் பிரதி இருக்குமே, அந்தப் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து அனுப்பு. தட்டிச் சேர்த்து, பொங்கலுக்குள் முழுப் பிரதியையும் அனுப்பிவிடுகிறேன்.

உன்,
பழைய பார்ட்னர்