எந்த நாளின் படகு?

சென்னை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்று பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் மாற்றலாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அவள் அறையில் இப்போது என் வரைபலகையைப் போட்டிருக்கிறேன். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது.

பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான கென்னடி இரண்டாம் உலகப் போரில் ஓட்டிய பி.டி. 109 டார்பிடோ படகை (தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோ குண்டுகளைச் சுமக்கும் படகு) உன் பேரன் மரத்தில் செய்யப்போகிறான், படம் வரைந்து அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? கட்டாயம் அனுப்புகிறேன். அதற்கு முன் அவனிடம் ஒன்று கேட்டுச் சொல்: எந்த நாளின் படகு வேண்டும்? 1942 ஆகஸ்டில் அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுகத்தில் சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் ஏற்றி பசிபிக்குக்கு அனுப்பிய படகா, 1943 ஆகஸ்ட் 1 மாலை சாலமன் தீவுகளில் ரெண்டோவாவிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய படகா? எண் ஒன்றுதான். வரையப் போனால் இரண்டும் வேறு வேறு.

இந்தப் படகுகளை வரையத் தொடங்கியதிலிருந்து என் மனதில் ஊறிக்கிடக்கும் விஷயமே இதுதான். போர்க்காலப் படகுக்குத் தேதி போடாமல் படம் வரையக் கூடாது. கட்டிய கம்பெனியின் வரைபடம், அது பட்டறையை விட்டு வெளியேறிய நாளை மட்டுமே காட்டும். அதற்குப் பிறகு அதை மாற்றியவர்கள் அதில் ஏறிப் போன பையன்கள். ஒரு ரம்பமும் கொஞ்சம் கயிறும் இருந்தால் போதும், எதையாவது கழற்றுவார்கள், எதையாவது மாட்டுவார்கள்.

முதலில் மாறாததைச் சொல்கிறேன், பேரனுக்கு உதவும். 109 நியூ ஜெர்சியில் பேயோன் நகரத்தில் எல்கோ கம்பெனி கட்டியது. நீளம் 80 அடி, அகலம் 20 அடி 8 அங்குலம். இந்த 80 அடி வகையில் மட்டும் 326 படகுகள் கட்டினார்கள். பிளைவுட் படகு என்று பல இடத்தில் எழுதுகிறார்கள், அது சரியில்லை. ஒரு அங்குல மகாகனிப் பலகைகளைச் சாய்வாக இரண்டு அடுக்குப் பாவி, நடுவில் பசையில் நனைத்த கான்வாஸ் துணி வைத்து, ஆயிரக்கணக்கான திருகாணியும் ரிவெட்டும் அடித்த உடல் அது. கவிழ்த்துப் போட்டுக் கட்டி, பிறகு நிமிர்த்துவார்கள். உன் பேரனும் கவிழ்த்தே கட்டட்டும். வளைவு கைக்குப் பிடிபடும்.

உள்ளே பேக்கார்ட் கம்பெனியின் 12 சிலிண்டர் என்ஜின்கள் மூன்று. அதே கம்பெனி போர் விமானங்களுக்கு மெர்லின் என்ஜினும் செய்ததால் படகிலும் அதுதான் என்று நம்புகிறவர்கள் உண்டு. இல்லை, இது பேக்கார்டின் சொந்த விமான என்ஜினிலிருந்து வளர்ந்தது. நடு என்ஜின் நேராகப் பின்பக்கம் பார்த்து புரொப்பெல்லர் தண்டைச் சுற்றும். ஓரத்து இரண்டும் முகத்தை முன்பக்கம் திருப்பி உட்கார்ந்து, கியர்பெட்டி வழியாகச் சுற்றிவந்து சக்தியைப் பின்னே அனுப்பும். குடிப்பது 100 ஆக்டேன் விமானப் பெட்ரோல், 3,000 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 11,350 லிட்டர். மரப்படகில் அவ்வளவு பெட்ரோலின் மேல் உட்கார்ந்துகொண்டு 40 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 40 கடல்மைல், போனார்கள்.

ஒரு எச்சரிக்கை. இரட்டைத் துப்பாக்கிக் கூண்டுகள் இரண்டும் அக்கம்பக்கமாக இல்லை. வலப்பக்கத்தது முன்னே, இடப்பக்கத்தது பின்னே. அதனால் ஒரு பக்கம் வரைந்து கண்ணாடிபோல் திருப்பிப் போட்டால் தப்பாகிவிடும். விற்கிற படங்களில் இந்தத் தப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்கவே முடிவதில்லை. உனக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக வரைந்து அனுப்புவேன்.

பின்பக்கம் தண்ணீர்மட்டத்துக்கு மேலே சைலன்சர்கள் இருக்கும். உள்ளே ஒரு தகட்டு வால்வு. அதை மூடினால் புகை கீழே திரும்பித் தண்ணீருக்குள் போகும், சத்தம் அடங்கும். இரவில் பதுங்கிப் போவதற்கான ஏற்பாடு. அந்த ஆகஸ்ட் 1 இரவு சாலமன் தீவுகளின் பிளாக்கெட் ஜலசந்தியில் 109 ஒரே ஒரு என்ஜினில்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. வேகமாகப் போனால் கடல் மினுமினுத்து, பின்னால் விழும் தடத்தை மேலிருந்து ஜப்பானிய விமானம் பார்த்துவிடும். ரேடாரும் அதில் இல்லை. அன்று போன 15 படகுகளில் அணித்தலைவர்களின் நான்கில்தான் இருந்தது. அமாகிரி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் இருட்டிலிருந்து வந்து வலப்பக்கத்தில் மோதியபோது, ஒற்றை என்ஜினில் இருந்தவர்களால் விலக முடியவில்லை. முன்கூண்டில் நின்ற பையனும் இன்னொருவனும் அங்கேயே போனார்கள். மீதி 11 பேர்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ரோந்துக்குப் போவதற்குச் சற்று முன்பு, ராணுவத்தின் 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ஒன்றைக் கென்னடி பிடித்துவந்தார். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கனமான மரக்கட்டைகளைப் போட்டு, அதன்மேல் பீரங்கியை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். இடம் வேண்டுமே என்று அங்கிருந்த உயிர்காப்பு மிதவையை எடுத்துவிட்டார்கள். படகு இரண்டாகி, மிதந்த முன்பாதியும் மூழ்கத் தொடங்கியதும், 3.5 மைல் தள்ளியிருந்த சின்னத் தீவுக்கு நீந்தத் தீர்மானித்தார்கள். நீந்தத் தெரியாதவர்கள் பிடித்துக்கொண்டது எதை? பீரங்கிக்கு அடியில் போட்ட அந்த மரக்கட்டையை. விளக்கையும் காலணிகளையும் அதன்மேல்தான் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தீக்காயம் பட்ட என்ஜின்காரரின் மிதவைச் சட்டை வாரைப் பல்லால் கடித்துக்கொண்டு கென்னடி நீந்தினார். கம்பெனி வரைபடத்தில் அந்தக் கட்டை இல்லை சேகர். 1942-ல் கப்பலேறியபோது எடுத்த புகைப்படத்திலும் இல்லை. ஆனால் ஆகஸ்ட் 1-ஆம் தேதி படகை வரைகிறவன் அதை விட்டுவிட்டால் அவன் என்னத்தை வரைந்தான்?

109 மட்டுமல்ல, எல்லாப் படகும் இப்படித்தான். ஆரம்பத்தில் மேல்தளத்தில் நான்கு நீளக் குழாய்கள், உள்ளே முதல் உலகப் போர்க் காலத்து மார்க் 8 டார்பிடோக்கள். வெடிமருந்து வைத்துத் தள்ளும்போது குழாய்க்குள் பூசிய கிரீஸ் தீப்பிடித்துப் பளிச்சென்று எரியும். எதிரிக்கு நாமே விளக்குக் காட்டியதுபோல. பிறகு குழாயைத் தூக்கிவிட்டு, விமானத்திலிருந்து போடும் குட்டையான மார்க் 13 டார்பிடோவைத் திறந்த தாங்கியில் வைத்துப் பக்கவாட்டில் உருட்டிவிட்டார்கள். குழாய்களின் எடை குறைந்ததும் அந்த இடத்துக்குத் துப்பாக்கிகள் வந்தன. அதற்கும் காரணம் இருந்தது. தீவுகளுக்கிடையே ஜப்பானியர் ஆட்களையும் அரிசியையும் கொண்டுபோனது ஆழமில்லாத தட்டைப் படகுகளில். டார்பிடோ அதற்கு அடியில் போய்விடும். சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் விழுந்துகிடந்த ஏராகோப்ரா போர் விமானங்களிலிருந்து 37 மி.மீ. பீரங்கியைக் கழற்றி அணியத்தில் மாட்டிப் பார்த்தார்கள். அது பலித்தது. பிறகு கம்பெனியே அதை மாட்டி அனுப்பத் தொடங்கியது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பையன்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. வடிவமைப்பு பட்டறையிலிருந்து போர்முனைக்குப் போகும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே போர்முனையிலிருந்து பட்டறைக்குப் போயிருக்கிறது.

அதனால் என் வேலை பெரும்பாலும் புகைப்படம் பார்ப்பதுதான். ஒரு படத்தில் மார்க் 13 தெரிந்தால் எனக்குக் கொண்டாட்டம். அது திறந்தே கிடக்கும்; நீளம் 13 அடி 5 அங்குலம், விட்டம் 22.5 அங்குலம் என்று தெரியும். அதையே அளவுகோலாக வைத்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் கணக்குப் போட்டுவிடலாம். நிறம்தான் கஷ்டம். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையும் சாம்பலும் ஒன்றுபோல் விழும். சிலவகைப் பழைய ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகிவிடும். எழுத்தில் ஆதாரம் கிடைக்காதவரை நான் வெறும் கோட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நிஜப் படகைப் போய் அளக்கலாமே என்பாய். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறாய்? போர் முடிந்ததும் பிலிப்பைன்ஸின் சமார் தீவில் நூறுக்கும் மேற்பட்ட படகுகளைப் பயனுள்ளதை எடுத்துக்கொண்டு கொளுத்திவிட்டார்கள். உளுத்த சட்டங்கள், புழு அரித்த பலகைகள். பராமரிக்க அவர்களுக்குக் கட்டுபடியாகவில்லை. எனக்கு இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. மாசசூசெட்ஸில் ஃபால் ரிவர் நகரத்து அருங்காட்சியகத்தில் எல்கோவின் 617 இருக்கிறது, இன்னொரு கம்பெனியான ஹிக்கின்ஸ் கட்டிய 796-உம் பக்கத்திலேயே இருக்கிறது. மத்தியதரைக்கடலில் போரிட்ட, அதே ஹிக்கின்ஸ் கட்டிய 305-இன் கதை இன்னும் நல்லது. போருக்குப் பிறகு அது சிப்பி அள்ளும் படகானது. 78 அடியை 65 அடியாக வெட்டிவிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் தொண்டர்கள் பல வருஷம் உழைத்து, வெட்டிப்போன 13 அடியையும் புதிதாகக் கட்டிச் சேர்த்து, 2016-ல் மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள்.

உன்னிடம் ஒரு உதவி. உன் தெருவில் வள்ளம் கட்டும் ஆசாரி இருப்பதாக முன்பு சொல்லியிருக்கிறாய். இரண்டு அடுக்குப் பலகைக்கு நடுவே பசைத்துணி வைத்தால், வெயில் கடலில் நாலைந்து வருஷத்தில் உள்ளே ஈரம் நின்று மரம் உளுக்குமா, எந்த இடத்தில் முதலில் தொடங்கும் என்று அவரிடம் கேட்டு எழுது. பழுதுபார்த்த ஒட்டுப்பலகை சில படங்களில் ஒரே இடத்தில் தெரிகிறது. காரணம் தெரிந்தால் அதைத் தைரியமாக வரைவேன்.

பேரன் தேதி சொன்னதும் இரண்டு பக்கத் தோற்றமும் மேல்தோற்றமும் 1:48 அளவில் கூரியரில் போட்டுவிடுகிறேன். ஆகஸ்ட் 1 என்று சொன்னால் கட்டைகளையும் சேர்த்தே வரைகிறேன். மிதவை வேண்டாம் என்று அவனிடம் இப்போதே சொல்லிவை. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கோபாலன்