எச்ஐவி டெஸ்ட்ல ரியாக்டிவ்னு வந்தத பாசிட்டிவ்னு அனுப்புனது ஏன்?

மேனேஜர் சாருக்கு,

நான் நன்னிலம் பக்கத்துல ஒரு கிராமம். கர்ப்பப்பை கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்க சொன்ன ரத்த டெஸ்ட்ட உங்க லேப்ல தான் எடுத்தேன், வீட்டுக்கே வந்து எடுக்குற பேக்கேஜ், 1,850 ரூபா. வந்த பையன் மூணு டியூப் ரத்தம் எடுத்தான், அதுல எச்ஐவியும் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல, கையெழுத்தும் வாங்கல. புக் பண்ணது என் கொழுந்தனார் போன்லேருந்து தான், ஆனா ரிப்போர்ட் எனக்கு தான் வரணும்னு என் நம்பர பாரத்துல எழுதி குடுத்திருக்கேன்.

மறுநா சாயங்காலம் அவரு வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கு, எச்ஐவி பாசிட்டிவ், டாக்டரை பார்க்கவும்னு. குறுவை அறுத்து களத்துல நெல்லு காய வச்சிட்டு இருந்தவரு போட்டது போட்டபடி வீட்டுக்கு வந்து எங்க அத்தைகிட்ட காட்டிட்டாரு, என்கிட்ட ஒண்ணும் சொல்லல. எனக்கு எப்படி தெரிஞ்சுதுன்னா, காலையில என் காப்பி டம்ளர் மட்டும் கொல்லையில தொவைக்கிற கல்லு மேல தனியா கவுந்து கெடந்துச்சு. டம்ளர்ல எல்லாம் இது ஒட்டாதுன்னு யாருக்கு போய் சொல்றது, எனக்கே கை கால் ஓடல. அன்னைக்கு ராத்திரி துபாய்லேருந்து எங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரு, ரெண்டு பேரும் பேசாம லைன்ல இருந்தோம், அவ்ளோதான்.

அப்புறம் அதோட வந்த ரிப்போர்ட் பிடிஎஃப திறந்து பாத்தா உள்ள பாசிட்டிவ்ங்குற வார்த்தையே இல்ல சார். ரியாக்டிவ், 1.38னு இருக்கு, கட்-ஆஃப் 1.00, அத தாண்டுனா ரியாக்டிவாம், கீழ எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல, அதுவும் இங்கிலீஷ்ல, வேற டெஸ்ட்ல உறுதி பண்ணனும்னு நீங்களே போட்டிருக்கீங்க. போன் பண்ணா உங்க லேப்ல வேலை பாக்குற பொண்ணு மெஷின் சொன்னத தான் மேடம் போட்டோம்ங்குது. மெஷின் ரியாக்டிவ்னு தானம்மா சொல்லுச்சு, பாசிட்டிவ்னு சொன்னது நீங்க.

அரசு ஆஸ்பத்திரில எச்ஐவி டெஸ்ட் எடுக்குற நம்பிக்கை மையத்துக்கு தனியா பஸ் ஏறி போனேன், பைசா வாங்கல. அங்க இருந்த கவுன்சிலர் அக்கா தான் புரியுற மாதிரி சொன்னாங்க. மொத டெஸ்ட்டு ஒரு கேஸ கூட விடக்கூடாதுன்னு கண்ணு சின்ன வலை போடுறது மாதிரி, வாய்க்கால்ல வீசுனா கெண்டையோட தவளையும் மாட்டும்ல, அதனால ரியாக்டிவ்னு வந்தா வேற வேற மூணு கிட்ல போட்டு மூணுலயும் ரியாக்டிவ்னா தான் பாசிட்டிவ்னு எழுதுவாங்களாம். வீட்டுக்காரர் கடைசியா எப்ப வந்தாருன்னு கேட்டாங்க, பொங்கலுக்குன்னேன். கிருமி ஏறுன உடனே டெஸ்ட்ல தெரியாது, கிருமிய எதுத்து உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடிய தான் டெஸ்ட் பாக்குது, அது உருவாக 3 மாசம் வரைக்கும் ஆகலாம், அத விண்டோ பீரியட்னு சொல்றாங்க, உங்களுக்கு அது எப்பவோ தாண்டிருச்சு, அதனால இப்ப வர்ற ரிசல்ட்ட நம்பலாம்னாங்க. நான் ரியாக்டிவ். ஐயோ, சேர்த்து எழுதணும், நான்-ரியாக்டிவ், இல்லன்னு அர்த்தம். ரெண்டு வாரம் கழிச்சு வர சொல்லி திரும்ப எடுத்தாங்க, அதுவும் அதேதான்.

ஒருவேளை உண்மையிலேயே இருந்திருந்தாலும் நீங்க செஞ்சது தப்பு தான் சார். 2017 எச்ஐவி சட்டம்னு ஒண்ணு இருக்கு, சம்மதம் கேக்கணும், டெஸ்ட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் கவுன்சிலிங் குடுக்கணும், அடுத்தவங்ககிட்ட சொல்லக்கூடாது. மூணுல ஒண்ணு கூட நீங்க செய்யல.

காச திருப்பி குடுக்குறத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல, அனுப்புனது தப்புன்னு லேப் லெட்டர்ஹெட்ல, தமிழ்ல, எங்க அத்தை படிக்கிற மாதிரி பெரிய எழுத்துல எழுதி கையெழுத்து போட்டு குடுங்க. எச்ஐவி ரிசல்ட்ட இனிமே யாருக்கும் வாட்ஸ்அப்ல தூக்கி போடாதீங்க, சம்பந்தப்பட்ட ஆள கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லுங்க. தள்ளி வச்ச ஆபரேஷனுக்கு வர்ற 14ஆம் தேதி குடுத்திருக்காங்க, அதுக்குள்ள லெட்டர் வேணும். அந்த பழைய பிடிஎஃப் லிங்க் வேற இன்னும் வேலை செய்யுது, நேத்து ராத்திரி கூட அமுத்தி பாத்தேன், திறக்குது.