கழுத்தில் திரளும் கொழுப்பு அழகுப் பிரச்சினை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கழுத்து வீங்கினால் தைரொய்ட், வீங்கியவர் குடிப்பவரானால் 'குடித்து ஊதிவிட்டார்'. தோட்டப்புறங்களில் பேச்சு இதோடு முடிந்துவிடுகிறது. அரிதாக மூன்றாவது ஒன்றும் உண்டு: 1888இல் ஜெர்மானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஓட்டோ மாடலுங் விவரித்த நோய். கழுத்திலும் பிடரியிலும் தோளிலும் இருபுறமும் ஒத்த அளவில் கொழுப்பு திரளும். முன்கையும் காலும் மெலிந்தே இருக்கும். நெடுங்காலம் அதிகம் குடித்த நடுவயது ஆண்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. குடிக்காதவர்களுக்கும் வரலாம்; சிலரில் மைட்டோகொண்ட்ரியா (உயிரணுவுக்குச் சக்தி தரும் உறுப்பு) மரபணுக் கோளாறு காரணம். திட்டி அனுப்புவது வைத்தியமாகாது.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, உறக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது, சோறு தொண்டையில் தடைப்படுவது, குரல் மாறுவது ஆகியவை தொண்டையும் மூச்சுக்குழாயும் நெரிபடுவதன் அறிகுறிகள். பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்குக் கொண்டுபோகும்போது இந்த அறிகுறி உள்ளவரை அம்புலன்ஸில் படுக்கவைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். சி.டி. ஸ்கேனுக்கும் மல்லாந்து படுக்க வேண்டியிருப்பதால், தோட்ட வைத்திய உதவியாளர் கொடுக்கும் கடிதத்தில் 'படுக்க முடியாது' என்ற ஒரு வரி அவசியம்.

கொழுப்பை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சையில் மயக்க மருந்து கொடுப்பதே பெரிய சவால். உறங்கவைத்தபின் குழாய் இறங்காவிட்டால், தடித்த கழுத்தில் அவசரத் துளையிடுவதும் கடினம். அதனால் விழித்திருக்கும்போதே, தொண்டையை மரக்கச்செய்து, வளையும் கமெராக் குழாயின் உதவியுடன் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது வழக்கம்.

சாதாரணக் கொழுப்புக் கட்டிக்கு உறை உண்டு, முழுதாகப் பிதுங்கி வரும். இதற்கு உறையில்லை. தசை, இரத்தக்குழாய், நரம்பு எல்லாவற்றுக்கும் இடையே பரவியிருக்கும். முழுவதையும் எடுக்க முயன்றால் குரல் நரம்போ தோளை உயர்த்தும் நரம்போ அறுபடலாம். மூச்சை நெரிக்கும் பகுதியை முதலில் எடுத்து, மீதியைப் பின்னொரு தடவைக்கு விடுவதே விவேகம். உறிஞ்சி எடுக்கும் முறையில் தழும்பு சிறிது, ஆனால் மூச்சுக்குழாயை ஒட்டிய ஆழக் கொழுப்புக்கு அது எட்டாது.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் 24 மணித்தியாலங்களில் கழுத்து திடீரென இறுகி வீங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். தாதியை உடனே அழையுங்கள்; தையலைக் கட்டிலிலேயே பிரிக்க நேரிடலாம்.

கசிப்போ சாராயமோ, அளவை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வார்ட்டில் சேர்ந்து குடி திடீரென நின்றால் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும். புதுத் தையல் உள்ள கழுத்துக்கு அது ஆபத்து. முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம்; தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடலாம். குடியை விட்டாலும், ஏற்கனவே திரண்ட கொழுப்பு கரையாது. விடாவிட்டால் வெட்டிய இடத்திலேயே மீண்டும் வளர வாய்ப்பு அதிகம்.

இப்படிக்கு,
அரச வைத்தியர்கள் சிலர்,
கண்டி